பவர் பத்தலை

“கொஞ்ச நாளா இது இழுக்கவே மாட்டேங்குது. இந்த எஞ்சினுக்குப் பதிலா ரெண்டு கழுதையைக் கட்டலாம்” என்று பழைய பிக்கப் வண்டியை உதைத்தான் அவன்.

மெக்கானிக்கான மச்சான் ஏர் ஃபில்டரை மாற்றினார், பெரிய சைலன்சர் மாட்டினார். சத்தம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை.

“நீங்கல்லாம் ஸ்பேனரைத் தொடலாமா மச்சான்?” என்று எகத்தாளம் பேசிவிட்டு, வண்டியை வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனான்.

அங்கிருந்தவர் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டுக் குனிந்தார். அதற்கு அடியில் பாதிக்குமேல் மிதிக்க முடியாதபடி ஒரு மரத்துண்டு அறையப்பட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அதை மனைவி முன்னால் வீசினான். “உங்க அண்ணன் லட்சணத்தைப் பாத்தியா?”

மாவுக்கட்டு போட்டிருந்த மகளின் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி அவள் சொன்னாள்:

“அவர் பாத்துட்டுப் பேசாம இருந்தாரு. நீங்க வண்டியைக் கவுத்த மறுநாள் நான்தான் வெச்சேன். புள்ளைக்கு இன்னொரு காலாவது ஒழுங்கா இருக்கட்டும்னு.”