யாரும் பார்க்காத பக்கம்

"பொய்யா நாலு ஆளை உருவாக்க இவ்வளவு நேரமா அக்கா? கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிற மாதிரி யோசிக்கிறீங்க!"

நெட்டையன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். குழுவுக்குத் தலைவன் அவன்தான். உயரத்தால் வந்த பெயர். எதிரே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தவள் மின்னல். அது அவள் விரல்களின் வேகத்துக்குக் கிடைத்த பெயர். மூன்றாவது ஆளான இவள் 'அக்கா' மட்டும்தான்.

அந்தப் பெரிய கூடம் முழுக்க இப்படிக் குழுக்கள். அகதி முகாம்களில் இருப்பவர்களுக்கு உதவும் ஒரு கருவியை இரண்டு நாளில் செய்து காட்ட வேண்டும். ஜெயிக்கும் கருவி உண்மையாகவே முகாம்களுக்குப் போகும். ஓடிவரும் வழியில் பிரிந்துபோன உறவுகளைத் தேடித் தரும் செயலி இவர்களுடையது.

போட்டி நடத்தியவர்கள் முகாம்களின் வரைபடம் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள், இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி எல்லாம் கொடுத்தார்கள். மனிதர்களின் விவரத்தை மட்டும் தரவில்லை. உயிர் தப்பி வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது வெளியே கசியக் கூடாதல்லவா? அதனால் சோதனைக்கு ஆட்களைக் கற்பனையில்தான் படைக்க வேண்டியிருந்தது. எல்லாம் ஜோடி ஜோடியாக. தேடுகிறவர் ஒருவர், முகாமில் இருப்பவர் ஒருவர். இரண்டு விவரங்களும் பொருந்தினால் செயலி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அந்த வேலை இவளுக்கு வந்தது. தனியாக வந்து நின்றவளிடம் என்ன தெரியும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எங்கிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

"வயசு, உயரம் போதும்க்கா. இதென்ன?" நெட்டையன் குனிந்து திரையைப் படித்தான். "'இடது புருவத்தில் தழும்பு. கோபம் வந்தால் பேச மாட்டான், ஏதாவது பாட்டை முணுமுணுப்பான். அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்வான்.' நாவல் எழுதுறீங்களா?"

"தேடுறவங்க இப்படித்தாம்ப்பா சொல்லுவாங்க. உயரத்தை யாரு அளந்து வெச்சிருக்கா?"

"அக்காவுக்குப் புளுகு சரளமா வருது" என்றாள் மின்னல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் சிரித்துவைத்தாள்.

மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே வீட்டோடு பேசினார்கள். கூடம் முழுக்க 'சாப்பிட்டியா', 'தூங்கினியா' என்ற குரல்கள். அவள் தன் பழைய கைபேசியை மேசையில் நிமிர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் நடுவில் இருப்பதைவிட வாடகை அறையில் ஒற்றையாக இருப்பது எளிது என்று தோன்றியது. அங்கே மௌனம் அவளுடையது. இங்கே அது மற்றவர்களின் பேச்சுக்கு நடுவில் விட்ட இடைவெளி.

"புது சிம் சும்மா தர்றாங்கக்கா, வாங்கிக்கோங்க" என்றாள் மின்னல். "உங்க நம்பருக்குக் கடன் வேணுமான்னு கேக்கிறவனைத் தவிர வேற யாரும் கூப்பிடலை. நானும் காலையிலேர்ந்து பார்க்கிறேன்."

"இருக்கட்டும். பழகிப்போச்சு."

சாயங்காலம் ஒரே ஒரு சண்டை வந்தது. ஆள் கிடைக்காவிட்டால் திரையில் என்ன காட்டுவது?

"'விவரம் இல்லை'ன்னு போடு. முடிஞ்சுது" என்றான் நெட்டையன்.

"இல்லைன்னு போடாதீங்க" என்றாள் அவள். தன் குரல் அத்தனை உயரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "'இன்னும் தேடுகிறோம்'னு போடுங்க."

"யாரும் பார்க்காத பக்கத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நம்ம ஜோடிங்கதான் எல்லாமே பொருந்துதே!"

"அக்கா ஆசைப்படுறாங்க, போட்டுட்டுப் போறேன். ஒரு வரிதானே" என்று மின்னல் தட்டி முடித்தாள்.

மறுநாள் செயல்விளக்கம். நடுவர் ஒரு வயதான மருத்துவர், முகாம்களில் பல வருடம் வேலை பார்த்தவர். நெட்டையன் ஒவ்வொரு பெயராக அழுத்தினான். அம்மாவுக்கு மகள் கிடைத்தாள். கணவனுக்கு மனைவி கிடைத்தாள். கைதட்டல்.

மருத்துவர் தட்டவில்லை. "எல்லாருமே கிடைச்சுட்டாங்களா? நான் இருந்த முகாம்ல அப்படி நடந்ததில்லையே. கிடைக்காதவங்களுக்கு உங்க செயலி என்ன சொல்லும்?"

நெட்டையன் மின்னலைத் திரும்பிப் பார்த்தான். "அது... அப்படி ஒரு ஆளை நாங்க உருவாக்கலை மேடம்."

மருத்துவர் பேனாவை மூடினார்.

"ஒண்ணு இருக்கு" என்றபடி அவள் எழுந்து வந்தாள். பழகிய வழியில் நடப்பதுபோல விரல்கள் எழுத்துகளைத் தேடாமல் போயின. பெரிய திரையில் புருவத் தழும்பும், முணுமுணுப்பும், மாற்றிப் போட்ட செருப்பும் வந்தன. தேடுபவர்: அக்கா. கீழே ஒரு வரி: 'இன்னும் தேடுகிறோம்.'

மருத்துவர் மெதுவாக இரண்டு முறை படித்தார். "இதைத்தான் எதிர்பார்த்தேன். தேடுறவங்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேருமா?"

"சேரும் மேடம்!" நெட்டையனுக்கு உயிர் வந்தது. பொத்தானை அழுத்தினான்.

மேசையில் கிடந்த பழைய கைபேசி அதிர்ந்து வெளிச்சமிட்டது. அவள் பாய்ந்து அதை எடுத்தாள். செய்தியைப் படித்துவிட்டு, கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூடம் கைதட்டியது. நெட்டையன் அவள் காதருகே குனிந்தான். "மானத்தைக் காப்பாத்திட்டீங்கக்கா! ஆனா இல்லாத ஆளுக்குப் போய் உங்க சொந்த நம்பரையா போடுறது? வாய்க்கு வந்த நம்பர் ஒண்ணு போட்டிருக்கலாமே?"

அவள் திரையை உள்ளங்கையால் துடைத்தாள்.

"அவனுக்கு இந்த நம்பர்தாம்ப்பா தெரியும்."