பூனைக்கு ஆகாத அறை

பேத்திக்குப் பூனைக்குட்டி வேண்டும். வீட்டைப் பார்க்காமல் குட்டி தராத பொறுப்பானவள் என்று எல்லோரும் சொன்ன பூனைக்காரியை வீட்டுக்காரர் கூப்பிட்டார். முகவரியைக் கேட்டதுமே கூடையில் குட்டியோடு வந்துவிட்டாள்.

குட்டியை வைக்க அவர் காட்டிய கீழறையின் சுவரைத் தடவினாள். “ஒரே ஈரம் சார். குட்டிக்கு இழுப்பு வந்துரும்.”

“அட போம்மா! இதுல கைக்குழந்தையோட ஒரு குடும்பமே வாடகைக்கு இருந்துச்சு. அந்தம்மாவும் இப்படித்தான், குழந்தைக்கு இழுப்புன்னு தினம் மூக்கால அழும். ‘பிடிக்கலைன்னா வேற இடம் பாரு’ன்னு ஒரே போடா போட்டேன். கப்சிப்!”

அவள் கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினாள். மூச்சு சீரானதும் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

“அந்தக் கைக்குழந்தை நான்தான். என் குட்டி இங்க இருக்காது. பிடிக்கலைன்னா வேற இடம் பாருங்க!”