அண்ணைக்குப் போர்த்திய பொன்னாடை

மேடையின் நடுக்கதிரையில் இளங்கீரன் அண்ணை இருந்தார். அவருக்கு வலப்பக்கம் நெறியாளர் யோகா, இடப்பக்கம் சங்கச் செயலாளரான நான். எங்கள் நாடகம் அப்போதுதான் முடிந்திருந்தது. சீனத்தின் மஞ்சு அரசவையில் காவலனாகச் சேர்ந்து, பேரமைச்சனாக உயர்ந்து, பேரரசர் இறந்ததும் வீழ்ந்தவனாக அண்ணை நடித்திருந்தார். கடைசிக் காட்சியில் புதிய அரசன் அவனுக்கு வெள்ளைப் பட்டு அனுப்புவான். உயிரை விடு என்பதே அதன் பொருள்.

வழமைபோல் அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தினோம். சிட்னியின் பென்டில் ஹில் கடையில் நான் பார்த்து வாங்கிய சிவப்புப் பட்டு, அவர் தோளில் வெள்ளையாகக் கிடந்தது.

"செயலாளருக்குக் கண்ணும் போட்டுது, சிவப்பெண்டு வெள்ளையை வாங்கியிருக்கிறார்," என்று யோகா சிரித்தார்.

மறுநாள் வேறொரு சிவப்புப் பட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் கைக்குப் போனதும் அதுவும் வெளுத்தது. "இனி எனக்கு இது தேவைப்படாது," என்று அண்ணை தன் கார்த் திறப்பை எடுத்து என்னிடம் தந்தார்.

மெல்பேர்னில் இருக்கும் அவர் மகள் தர்சினி என் அழைப்பை எடுக்கவில்லை. "உடனே வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று அங்கேயே குசினி மேசையிலிருந்து கடிதம் எழுதினேன்.

"பிள்ளைக்கோ? எழுது, எழுது," என்றார் அண்ணை. "ஆனா அவ வாறதுக்கு முதல் அவை வந்திடுவினம், தம்பி."

"ஆர் அண்ணை?"

"பட்டு அனுப்பின அரசன்ர ஆக்கள்," என்று அவர் வாசற்கதவை விரியத் திறந்து வைத்தார்.

நான் உறையை ஒட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். கடிதம் தபாற்பெட்டிக்குள் விழுந்தபோது, வெறும் தெருவைப் பார்த்து அண்ணை, "வாங்கோ, உள்ள வந்து இருங்கோ," என்று உபசரிப்பது கேட்டது.