சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு

"இது சாப்பாட்டு விரிப்பா, ஒர்க் ஷாப்பா?" என்றாள் ரய்யா.

கணவர் ஹமூத் நிமிரவில்லை. கார் ஸ்டீயரிங்கிலிருந்து கழற்றிய க்ரூஸ் கண்ட்ரோல் சுவிட்ச் விரிப்பில் கிடந்தது. மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்து, ஐம்பதாவது தடவையாக அழுத்திப் பார்த்தார்.

"சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் ஓட்டை. உன் அண்ணன் என் தலையில கட்டினதாச்சே! இந்தப் பெருநாளுக்கு அவன் இந்த வாசல்ல கால் வைக்கட்டும், பேசிக்கிறேன்."

அண்ணனைச் சொன்னால் சண்டைக்கு வரும் ரய்யா, சமையலறைக்குள் போய்விட்டாள். அதுவே அதிசயம்.

விடிந்தால் நிஸ்வாவிலிருந்து ஸலாலா பயணம். எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பாலைவனச் சாலை. சுவிட்சை ஒரு தட்டுத் தட்டி வேகத்தை ஒரே அளவில் பூட்டிவிட்டு, காலை மடக்கி உட்காராவிட்டால் அது என்ன பயணம் என்பது ஹமூதின் கட்சி.

பக்கத்து வீட்டு மர்ஹூன் வந்தார். பேரீச்சம்பழமும் காபியும் ஆன பிறகுதான் பேச்சு சுவிட்சுக்கு வந்தது.

"ஃபியூஸைப் பார்த்தியா?"

"அது எங்க போயிடப் போகுது? முதல்ல இதை முடிச்சுக்கறேன்."

மர்ஹூன் ஒரு மாதிரி சிரித்துவிட்டு எழுந்தார்.

கிளம்பும் விருந்தாளியைத் தாடிக்குச் சாம்பிராணிப் புகை காட்டாமல் அனுப்ப முடியுமா? மைத்துனனைத் திட்டிய வேகத்திலேயே ஹமூத் டப்பாவில் கைவிட்டு, ஒரு பிடி அள்ளித் தணலில் போட்டார்.

"ஐயோ, நான் போடுறேன்!"

சமையலறையிலிருந்து ரய்யா ஓடி வருவதற்குள் கரும்புகை கிளம்பிவிட்டது. மர்ஹூன் இருமினார். மஞ்சள் சாம்பிராணிக் கட்டிகளுக்கு நடுவே மஞ்சளாக ஒரு பிளாஸ்டிக் துண்டு உருகிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, ஃபியூஸ்!"

"ஆமா, நான்தான் பிடுங்கி ஒளிச்சு வச்சேன்." ரய்யா இடுக்கியால் அதைத் தணலிலிருந்து எடுத்தாள். "போன தடவை ஹைமா ஊரைத் தாண்டினதும் குறட்டை விட்டீங்க. வண்டி பாட்டுக்கு நூத்தி இருபதுல போகுது, பின்னாடி நாலு பிள்ளைங்க. காலுக்கு வேலை இருந்தாலாவது முழிச்சிருப்பீங்கன்னு பார்த்தேன். எங்க அண்ணனை இன்னும் நாலு வார்த்தை திட்டிக்கோங்க, பரவாயில்லை."

ஹமூத் துணைக்கு நண்பரைப் பார்த்தார்.

மர்ஹூன் தன் தாடியை முகர்ந்து பார்த்தார்.

"போன வருஷம் எங்க வீட்டுச் சாம்பிராணியிலயும் இதே நாத்தம்தான்பா. நானும் தாம்தூம்னு குதிச்சேன். அன்னிக்கு என் பொண்டாட்டி ஃபியூஸைப் பிடுங்கலேன்னா, இன்னிக்கு உன் வீட்டுக் காபியைக் குடிக்க நான் எங்க இருந்திருப்பேன்?"