சின்ன அக்கவுண்ட்

மாலைக்குள் ஒரு கம்ப்யூட்டருக்குள்ளாவது நுழையாவிட்டால் மோசடிக் கும்பல் சுதர்சனை வேலையை விட்டுத் துரத்திவிடும். சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து பேசிய பூவம்மாவோ முக்கால் மணி நேரமாக ஃபோனில் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வைரஸ் போகணும்னா நான் அனுப்பினதை இன்ஸ்டால் பண்ணுங்க, ஆன்ட்டி!"

"பாஸ்வேர்டு கேக்குது லா, தம்பி. என் மகன் எனக்கு லிமிட்டட் அக்கவுண்ட்தான் போட்டுக் குடுத்திருக்கான்."

சுதர்சன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "அட்மினிஸ்ட்ரேட்டர்கிட்டதான் வீட்டோட மொத்தச் சாவியும் இருக்கும். உங்ககிட்ட இருக்கிறது ஒரு ரூம் சாவி. அதை வச்சுப் புது புரோகிராம் எதையும் உள்ள விட முடியாது. மகன்கிட்ட பாஸ்வேர்டு கேளுங்க!"

"அப்ப நான் லிமிட்டட்லயே இருந்தா, வெளியாள் அனுப்புறது இன்ஸ்டால் ஆகாதா?"

"லேசுல ஆகாது! அதனாலதானே எங்களுக்கு இவ்வளவு கஷ்டம்!" பொறுமையிழந்து கத்திவிட்டான்.

"ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க, தம்பி" என்ற பூவம்மா, ஃபோனிலிருந்து சற்று விலகிக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் எழுதிக்கிட்டீங்களா? இன்னைக்கே வீட்டுக்குப் போய் லிமிட்டடுக்கு மாறிடுங்க."

"சரி, டீச்சர்!"

முப்பது குரல்கள் ஒன்றாக ஒலித்தன. சமூக மன்றத்துக் கணினி வகுப்பில் அந்த ஃபோன் முதலிலிருந்தே ஸ்பீக்கரில்தான் இருந்தது.