பைலை அமுக்கு

"தட்டாதேப்பா! தட்டினா பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சுடும். மெதுவா அமுக்கு. பைல் சத்தமில்லாம மண்ணுக்குள்ள போயிடணும்."

உள்ளேயிருந்து வந்த குரலைக் கேட்டதும் கிருஷ்ணவேணிக்கு ரத்தம் கொதித்தது.

பாலாற்றுப் பாலத்துக்காகப் போட்டிருந்த மண் பரிசோதனைக் கொட்டகை அது. பட்டப்பகலில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சந்தேகம் வந்துவிட்டால் சாத்திய ஜன்னல்கூடச் சாட்சிதான்.

கரையோரத்தில் முதல் வீடு அவளுடையது. மண் சுவர். பாலத்துக்கு அஸ்திவாரம் போட ராட்சதச் சுத்தியால் அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே, வீடு தாங்காது என்று மனு கொடுத்திருந்தாள். சுவர் சரிந்தால், வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூட அவளால் முடியாது.

மனுவுக்கு இதுவரை பதில் இல்லை.

தறியை விட்டுவிட்டுத் துணைக்கு வந்திருந்த கொழுந்தன் தர்மன் அவள் காதைக் கடித்தான்.

"கேட்டீங்களா அண்ணி? கான்ட்ராக்டர்கிட்ட கையை நீட்டிட்டானுங்க. உங்க பைலை அமுக்கிக்கினு இருக்கானுங்க."

உள்ளே மறுபடியும் அதே குரல்.

"காசிநாதா, இன்னும் கொஞ்சம் தண்ணி காட்டு. அப்புறம் அமுக்கலாம்."

"தண்ணி காட்டறானுங்களாம்! யாருக்கு? நமக்குத்தான்!" என்றான் தர்மன்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கிருஷ்ணவேணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏன்யா, படிச்சவங்கதானே நீங்க? ஏழை குடுத்த பைலை மண்ணுல பொதைக்கிறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

என்ஜினீயர் வரதராஜன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர் முன்னால் ஆற்று மணல் நிரப்பிய பெரிய இரும்புத் தொட்டி. நடுவில் கைத்தடி கனத்துக்கு ஒரு கான்கிரீட் கம்பு பாதி இறங்கியிருந்தது. பக்கத்திலேயே ஒரு சாண் உயரத்துக்கு மண் சுவர். சுவர் மேல் ததும்பத் ததும்பத் தண்ணீரோடு ஒரு டம்ளர்.

"முதல்ல கதவைச் சாத்துங்கம்மா. காத்துல தண்ணி ஆடுது."

"என் பைல் எங்கே?"

வரதராஜனுக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"காகிதம் இல்லம்மா. இதோ, இந்தக் கம்புக்குத்தான் பைல்னு பேர். பாலத்தைத் தாங்கறதுக்கு மண்ணுக்குள்ள இறக்கறது. காசிநாதா, பழைய முறையில ஒரு அடி போடு."

உதவியாளன் காசிநாதன் சுத்தியால் கம்பின் தலையில் ஓங்கி ஒன்று வைத்தான். டம்ளர் தண்ணீர் சிந்தியது. சுவரில் கீறல் ஓடியது. கிருஷ்ணவேணி அந்தச் சுவரைக் கையால் தாங்கிப் பிடித்தாள்.

வேறொரு சுவர் வைத்து, டம்ளரை மறுபடி நிரப்பினார்கள். இந்தத் தடவை சுத்தி இல்லை. குழாயால் தண்ணீர் பீய்ச்சி மணலை இளக்கினான் காசிநாதன். மேலேயிருந்து ஜாக்கியால் மெல்ல அமுக்கினார் வரதராஜன். கம்பு வழுக்கிக்கொண்டு இறங்கியது. டம்ளரிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"உங்க வீட்டுப் பக்கம் இப்படித்தான் இறக்கப் போறோம்மா."

தர்மன் தலையைச் சொறிந்தான். கிருஷ்ணவேணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"தப்பா பேசிட்டேன் சார், மனசுல வெச்சுக்காதீங்க. மனு போட்டா கவர்மெண்ட்டு காது குடுத்துக் கேக்குதுன்னு இன்னிக்குத்தான் நம்பறேன். எங்க ஓரிக்கை ஊர் பூரா சொல்றேன்."

"சொல்லுங்கம்மா, நல்லா சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தார் வரதராஜன்.

அவர்கள் போனதும் காசிநாதன் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான்.

"என்ன சார் இது? அந்தம்மா மனுவை மேலிடம் எப்பவோ தள்ளுபடி பண்ணிடுச்சு. இந்தச் சோதனையைப் பண்ணச் சொல்லியும் நமக்கு உத்தரவு இல்ல. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க?"

"மனுவைத்தானேப்பா தள்ளுபடி பண்ணாங்க?" என்றார் வரதராஜன். "வீடு அங்கேயேதானே இருக்குது!"