கண்ணுச்சாமி ஜெயிக்க வேண்டிய ஆட்டம்

பகல் பதினொன்றே காலுக்கு மாரீஸ்வரன் போன் செய்தார். போடியில் அடுத்த தெருவில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர்.

"அண்ணே, சாம்பிள் எடுக்க ஆபீசரு கெளம்பிட்டாராம். சோலிய நிப்பாட்டிட்டு வெரசா கையக் கழுவுங்க."

கண்ணுச்சாமி அப்போது தன் கடையில் ஏலக்காய்க்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார். போன வருடம் குரங்கணியிலிருந்து இறங்கிய லோடு, வெளுத்துவிட்டது. பச்சையானால் விலை ஏறும். பிடிபட்டால் கடைக்குச் சீல், அவருக்குச் சிறை.

"பாண்டியம்மா, தார்ப்பாயப் போட்டு மூடு."

காய் தரம் பிரிக்கும் பாண்டியம்மாள் மூடினாள். "சரக்க மூடிட்டேன். ஒங்க கைய எதப் போட்டுண்ணே மூடுறது?"

சோப்புதான் தேய்ந்தது. சாயம் போகவில்லை. கையைத் துடைத்து உலர்த்துவதற்குள் ஒருவர் படியேறி வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் கறுப்புப் பை.

"ஏலக்காய் நிறத்தப் பத்திப் பேசணும்ணே."

"பேசுவோம் சார். மொதல்ல ஒரு ஆட்டம் போடுவோம்."

மேசையில் ஆட்டப் பலகை இருந்தது. கோவையில் படிக்கும் மகள் விட்டுப்போனது. வருகிற அதிகாரிகளுடன் கண்ணுச்சாமி அதில் ஆடுவார், தோற்பார். ஜெயித்த அதிகாரி சாம்பிள் எடுக்க மறந்துவிடுவது வழக்கம்.

வந்தவருக்கு ஆட்டம் தெரிந்திருந்தது. வில்லைக்கு ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. எதிராளியின் வில்லைகளை இரு முனையிலும் அடைத்தால் நடுவில் உள்ள அத்தனையையும் புரட்டி நம் நிறமாக்க வேண்டும். மூலையில் வைத்ததை மட்டும் யாரும் புரட்ட முடியாது.

கண்ணுச்சாமி கறுப்பை எடுத்துக்கொண்டார். கறுப்பில் பச்சை தெரியாது.

பாதி ஆட்டம் வரை நன்றாகவே தோற்றுக்கொண்டிருந்தார். பிறகு கை வியர்த்தது. ஒரு வெள்ளையைப் புரட்டும்போது அதில் அவருடைய கட்டைவிரல் பச்சையாகப் பதிந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் அடியில் போய்விட்டது.

எதிராளி திருப்பிப் புரட்டினால் மேலே வரும்.

அதனால் கண்ணுச்சாமி வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அதிகாரியிடம் ஜெயிக்க ஆடினார். அதையும் குறைவாகத் தொட்டே ஜெயிக்கப் பார்த்தார்.

"இங்கிட்டு வச்சா அஞ்சு புரளும். ஏண்ணே ஒண்ணோட நிறுத்திட்டீக?"

"எனக்கு ஆசை கம்மி சார்."

உள்ளே பாண்டியம்மாள் இருமினாள்.

"இந்தத் தடவை நான் வைக்கல சார். நீங்களே வைங்க."

"வைக்க எடம் இருந்தா வச்சுத்தாண்ணே ஆகணும். சட்டம் அப்படி."

சட்டம் என்றதும் இன்னும் வியர்த்தது. வேறு வழியில்லாமல் வைத்தார். ஓர வரிசையில் நான்கைப் புரட்டினார். நான்கிலும் கட்டைவிரல் பதிந்து அடியில் போனது.

வந்தவர் மூலையில் ஒரு வெள்ளையை வைத்தார். பிறகு அந்த வரிசையை நிதானமாக, ஒவ்வொன்றாகத் திருப்பினார். நான்கு வெள்ளை. நான்கிலும் பச்சைக் கட்டைவிரல்.

இருவரும் பலகையையே பார்த்தார்கள்.

கண்ணுச்சாமி எழுந்து கும்பிட்டார். "சார், பொம்பளப் புள்ள படிச்சுக்கிட்டிருக்கு. பாத்துச் செய்யுங்க."

கும்பிட்ட கையும் பச்சையாக இருந்தது. வந்தவர் அதையும் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"மூலையில நான் வச்சதப் பாருங்கண்ணே, பளிச்சுன்னு இருக்கா? நானும் காலையிலருந்து சாயத்துலதான் கைய விட்டுக்கிட்டிருக்கேன், நம்ம சாயம் கையில ஒட்டாது; ஆபீசரு இப்ப மாரீஸ்வரன் கடையில அந்தச் சாயம் ஏத்துன ஏலக்காயத்தான் தேச்சுத் தேச்சுப் பாத்துக்கிட்டிருக்காரு, அவரு இங்க வர்றதுக்குள்ள சொல்லுங்க, ஒங்களுக்கு எத்தன கிலோ போடட்டும்?"